வட்டி வீதமும் விதியும்

முன்னுரை

பாவூர்ச்சத்திரம் சந்தையில் காய்கறி விலை ஏறினால் அன்று மாலைக்குள் தென்காசி முழுவதும் அதனை அறிந்துவிடுகிறது. மும்பையில் இந்திய ரிசர்வ் வங்கி தன் வட்டி வீதத்தைக் கால் விழுக்காடு உயர்த்தினாலோ, அச்செய்தி நாளேட்டின் வணிகப் பக்கத்தோடு நின்றுவிடுகிறது. ஆயினும் இவ்விரண்டும் ஒன்றையொன்று தொடர்ந்து வருவன. சந்தையில் ஏறும் விலையே மும்பையில் வட்டியை ஏற்றுகிறது. மும்பையில் ஏறும் வட்டி, சங்கரன்கோவிலில் விசைத்தறி வைத்திருப்பவரின் மாதத் தவணையில் வந்து அமர்கிறது.

அவ்வாறாயின், வட்டியை எப்போது உயர்த்துவது, எவ்வளவு உயர்த்துவது என்பதனை யார், எதனை அளவுகோலாகக் கொண்டு முடிவு செய்கின்றனர்? அதற்கு முன்கூட்டியே வகுக்கப்பட்ட விதி ஒன்று உண்டா? இருத்தல் நன்றா? பொருளியல் அறிஞர்கள் இருநூறு ஆண்டுகளாக வாதிட்டு வரும் இவ்வினாவை, பொருளியல் பயிலாத மாணவரும் விளங்கிக்கொள்ளும் வகையில் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்வெட்டில் நின்ற வட்டி

வட்டி தமிழுக்குப் புதியதன்று. சோழர் காலக் கல்வெட்டுகளில் அது 'பொலிசை' எனவும் 'பலிசை' எனவும் வழங்கப்பெற்றது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், கோயிலுக்கு அளிக்கப்பட்ட காசு ஊர்ச் சபைகளுக்குக் கடனாகக் கொடுக்கப்பட்டதையும், ஒரு காசுக்கு ஓராண்டில் அரைக்கால் காசு வட்டியாகப் பெறப்பட்டதையும் காண்கிறோம். அரைக்கால் என்பது எட்டில் ஒரு பங்கு. இன்றைய கணக்கில் 12.5 விழுக்காடு. இவ்வட்டி கதிரவனும் நிலவும் உள்ளவரை செல்லவேண்டும் என்று கல்லில் பொறித்து வைத்தனர்.

இதுவும் ஒரு விதியே. ஆனால் இது அசையாத விதி. மழை பொய்த்தாலும் விளைச்சல் பெருகினாலும் அரைக்கால் அரைக்காலாகவே நிற்கும். அறக்கட்டளைக்கு அந்த உறுதி பொருந்தும்; ஒரு நாட்டின் பணத்தை ஆளும் வங்கிக்குப் பொருந்தாது. வங்கிக்குத் தேவைப்படுவது, 'இன்ன நிலை வந்தால் இன்னது செய்வேன்' என்று கூறும் விதியாகும். எண் மாறும், எண்ணை மாற்றும் முறை மாறாது.

இதற்கு நம் குற்றாலத்திலேயே நல்ல உவமை உண்டு. பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டி நீர் விழுந்தால் குளிக்கத் தடை விதிக்கப்படுகிறது. நீர் குறைந்தால் தடை நீங்குகிறது. நாளுக்கு நாள் நீரின் அளவு மாறினும், எந்த நிலையில் தடை வரும் என்பது காவலருக்கும் தெரியும். குளிக்க வந்தவருக்கும் தெரியும். வட்டி வீத விதி என்பதும் இத்தகையதே.

ரிசர்வ் வங்கி கடந்து வந்த பாதை

1934-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1935 ஏப்ரல் 1-ஆம் நாள் ரிசர்வ் வங்கி தொடங்கப்பெற்றது. அது முதன்முதலில் அறிவித்த வங்கி விகிதம் மூன்றரை விழுக்காடு. அவ்வாண்டு நவம்பரிலேயே அது 3 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. அதன்பின் உலகப் போர் வந்தது, வங்கத்தில் பஞ்சம் வந்தது, நாடு விடுதலை பெற்றது, பிரிவினை நிகழ்ந்தது. இவ்வளவுக்கும் இடையே அந்த 3 விழுக்காடு மட்டும் 1951 நவம்பர் வரை அசையவில்லை. ஏறத்தாழக் கல்வெட்டு வட்டி போலவே அது நின்றது எனலாம்.

பின்னர் அது படிப்படியாக உயர்ந்தது. மொத்த விலை ஏற்றம் 25 விழுக்காட்டைத் தாண்டிய 1974-இல் 9 விழுக்காடும், 1981-இல் 10 விழுக்காடும், அந்நியச் செலாவணி நெருக்கடி நேர்ந்த 1991-இல் 12 விழுக்காடும் ஆயிற்று. எனினும் அக்காலத்தில் வங்கி விகிதம் பொருளாதாரத்தின் உண்மையான கடிவாளமாக இருக்கவில்லை. எத்தொழிலுக்கு எந்த வட்டியில் கடன் என்பது ஆணைகளால் நிர்ணயிக்கப்பட்டது. வங்கிகள் பெற்ற வைப்புத் தொகையில் பெரும்பங்கு அரசின் தேவைக்கே சென்றது. 1990-களின் தொடக்கத்தில் ரொக்க இருப்பு விகிதம் 15 விழுக்காடு. சட்டபூர்வ நீர்மை விகிதம் 38.5 விழுக்காடு. அதாவது, நூறு ரூபாய் வைப்பில் 53 ரூபாய் 50 காசு கடன் கொடுக்க இயலாதவாறு கட்டப்பட்டிருந்தது.

இதனினும் பெரிய இடர் ஒன்று இருந்தது. அரசின் கையில் பணம் குறைந்தால், தற்காலிகக் கருவூலப் பத்திரங்களை ரிசர்வ் வங்கிக்கு அளித்து, அதற்கு ஈடாகப் புதுப் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் வழக்கம் நிலவியது. வரவு செலவுத் திட்டத்தின் பற்றாக்குறை இவ்வாறு தானாகவே பணமாக மாறிற்று. பணத்தின் அளவை மற்றொருவர் முடிவு செய்யும் நிலையில் வட்டியை எவ்விதிப்படி ஆள்வது? தமிழ்நாட்டின் அரியலூரில் பிறந்த டாக்டர் சி. ரங்கராஜன் ஆளுநராக இருந்தபோது, 1994 செப்டம்பரில் அரசுக்கும் ரிசர்வ் வங்கிக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. அதன் பயனாக, அந்தக் கருவூலப் பத்திர முறை 1997 ஏப்ரலில் முடிவுக்கு வந்தது. இந்தியாவில் வட்டி விதி என்னும் கட்டடத்திற்கு இடப்பட்ட முதற்கல் இதுவே எனக் கருதலாம்.

இதற்கு முன்னரே, சுகமாய் சக்ரவர்த்தி தலைமையிலான குழு 1985-இல் பணத்தின் வளர்ச்சிக்கு இலக்கு வகுக்குமாறு பரிந்துரைத்திருந்தது. 1998 முதல் பல குறியீடுகளை ஒருங்கே நோக்கும் முறை பின்பற்றப்பட்டது. 2011 மே மாதம் முதல், வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி குறுகிய காலக் கடன் வழங்கும் வட்டியாகிய ரெப்போ வீதமே கொள்கையின் ஒரே அடையாள வீதமாக அறிவிக்கப்பட்டது.

டெய்லர் வகுத்த விதி

இனி, உலக அரங்கில் இவ்விதி உருவான வரலாற்றைச் சுருங்கக் காண்போம். விலைகள் ஏறினால் வங்கிகள் வட்டியை ஏற்றவேண்டும், விலைகள் இறங்கினால் இறக்கவேண்டும் என்று சுவீடன் நாட்டு அறிஞர் விக்செல் 1898-இலேயே கூறினார். அமெரிக்க அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன், வட்டியை விட்டுவிட்டுப் பணத்தின் அளவை ஆண்டுதோறும் ஒரே சீராக வளரவிட வேண்டும் என்றார். கிட்லண்டு, பிரெஸ்காட் என்னும் இருவர் 1977-இல் வேறொரு கோணத்திலிருந்து விதியின் தேவையை விளக்கினர். இன்று அளித்த வாக்கை நாளை மீறினால் ஆதாயம் உண்டு என்னும் நிலையில் இருப்பவரின் வாக்கை எவரும் நம்பார். எனவே தம்மைத் தாமே கட்டிக்கொள்வோரே நம்பிக்கையைப் பெறுவர் என்பது அவர்தம் கருத்து.

இவற்றையெல்லாம் எளிய ஒரு வாய்பாடாக வடித்தவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் டெய்லர். 1993-இல் அவர் வெளியிட்ட விதி பின்வருமாறு அமைந்தது. பணவீக்க வீதத்தை எடுத்துக்கொள்க. அதனோடு 2-ஐக் கூட்டுக. பணவீக்கம் தன் இலக்காகிய 2 விழுக்காட்டை எவ்வளவு தாண்டியுள்ளதோ அதில் பாதியைக் கூட்டுக. நாட்டின் உற்பத்தி தன் இயல்பான அளவை எவ்வளவு தாண்டியுள்ளதோ அதில் பாதியையும் கூட்டுக. வருவதே மத்திய வங்கி நிர்ணயிக்க வேண்டிய வட்டி வீதம்.

எடுத்துக்காட்டாக, பணவீக்கம் 2 விழுக்காடு, உற்பத்தி இயல்பான அளவில் உள்ளது எனக் கொள்வோம். வட்டி 4 விழுக்காடு. பணவீக்கம் 4 விழுக்காடாக உயர்ந்தால், 4-உடன் 2-ஐயும், மிகுதியாகிய 2-இல் பாதியாகிய 1-ஐயும் கூட்ட, வட்டி 7 விழுக்காடாகிறது. மாறாக, பணவீக்கம் 2 விழுக்காட்டிலேயே நிற்க, உற்பத்தி இயல்பை விட 2 விழுக்காடு தாழ்ந்தால் வட்டி 3 விழுக்காடாகக் குறைகிறது.

இங்கு ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. பணவீக்கம் 2 ஏறியபோது வட்டி 3 ஏறியது. ஒன்றுக்கு ஒன்றரை என்னும் இக்கணக்கே இவ்விதியின் உயிர்நாடி. ஏன்? ஒரு நெசவுத் தொழில் முனைவோர் 10 விழுக்காட்டு வட்டியில் கடன் பெற்று நூல் வாங்குகிறார் எனக் கொள்வோம். விலைகள் ஆண்டுக்கு 4 விழுக்காடு ஏறுமாயின், அவருடைய உண்மையான வட்டிச் சுமை 6 விழுக்காடு. விலையேற்றம் 7 ஆகி, வங்கி தன் வட்டியை 11 ஆக மட்டும் உயர்த்தினால் சுமை 4 ஆகக் குறைந்துவிடுகிறது. வட்டி ஏறியது போலத் தோன்றினும் கடன் உண்மையில் மலிவாகிவிட்டது. அவர் மேலும் கடன் பெற்று நூலை வாங்கிக் குவிப்பார். நூல் விலை மேலும் ஏறும். ஆகவே, விலையேற்றத்தை விட வட்டி மிகுதியாக ஏறினாலன்றித் தீ அணையாது.

இந்தியா ஏற்ற விதி

டெய்லரின் வாய்பாட்டை எந்த நாடும் தன் மத்திய வங்கியைக் கட்டும் சட்டமாக இயற்றவில்லை. கணக்கு, வட்டியைக் காட்டுகிறது. ஆனால் வட்டியை அது முடிவு செய்வதில்லை. பல நாடுகள் வேறொரு வழியைத் தேர்ந்தன. அடையவேண்டிய இலக்கைச் சட்டத்தில் எழுதிவிட்டு, வட்டி என்னும் கருவியைக் கையாளும் பொறுப்பை வங்கியிடம் விட்டன. 1989-இல் இயற்றிய சட்டத்தின் வழி நியூசிலாந்து இதில் முன்னோடியாயிற்று. முன்னதைக் கருவி விதி எனவும், பின்னதை இலக்கு விதி எனவும் நாம் வழங்கலாம்.

இந்தியா ஏற்றது இலக்கு விதியாகும். ரகுராம் ராஜன் ஆளுநராக இருந்த காலத்தில், உர்ஜித் படேல் தலைமையிலான குழு 2014 ஜனவரியில் தன் அறிக்கையை அளித்தது. 2015 பிப்ரவரியில் அரசும் ரிசர்வ் வங்கியும் ஒப்பந்தம் செய்துகொண்டன. 2016-இல் ரிசர்வ் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டது. நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணின்படி பணவீக்கம் 4 விழுக்காடாக இருத்தல் வேண்டும்; இருபுறமும் 2 விழுக்காடு விலகலாம் என இலக்கு வகுக்கப்பட்டது. 2021 மார்ச்சில் இவ்விலக்கு மேலும் ஐந்தாண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது.

முன்னர் ஆளுநர் ஒருவரே எடுத்து வந்த முடிவை இப்போது அறுவர் கொண்ட நாணயக் கொள்கைக் குழு எடுக்கிறது. மூவர் ரிசர்வ் வங்கியினர். மூவர் அரசு நியமிக்கும் வெளி வல்லுநர். வாக்குகள் சமமாகப் பிரிந்தால் ஆளுநருக்கு முடிவு வாக்கு உண்டு. தொடர்ந்து மூன்று காலாண்டுகள் பணவீக்கம் எல்லையைத் தாண்டினால் வங்கி தவறியதாகக் கருதப்படும். அதற்குரிய காரணம், செய்யவிருக்கும் திருத்தம், இலக்கை மீண்டும் எட்டுவதற்குரிய காலம் ஆகிய மூன்றையும் அரசுக்கு எழுத்தில் தெரிவித்தல் வேண்டும். தவறினால் பதில் சொல்ல வேண்டும் என்னும் இக்கட்டுப்பாடே விதிக்கு வலிமை தருவது.

தக்காளி தந்த பாடம்

விதியைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றலாகாது என்பதற்கு 2023-ஆம் ஆண்டின் கோடைக்குப் பிந்தைய மாதங்கள் சான்றாகும். அவ்வாண்டு ஜூன் மாதம் 5 விழுக்காட்டுக்குச் சற்றுக் கீழே இருந்த பணவீக்கம், தக்காளி முதலிய காய்கறிகளின் விலையேற்றத்தால் ஜூலையில் 7.44 விழுக்காடாகத் தாவியது. இரண்டரை விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஏற்றம். ஒன்றுக்கு ஒன்றரை என்னும் கணக்கை இயந்திரம் போல் இயக்கியிருந்தால், ரெப்போ வீதத்தை ஏறத்தாழ நான்கு விழுக்காடு உயர்த்தியிருக்க வேண்டும். ஆனால் வட்டியை உயர்த்துவதால் கொடியில் ஒரு தக்காளியும் கூடுதலாகக் காய்க்காது. அவ்வாண்டு ஆகஸ்டில் கூடிய குழு, ரெப்போ வீதத்தை 6.50 விழுக்காட்டிலேயே நிறுத்திற்று. புதிய விளைச்சல் வந்தது. செப்டம்பரில் பணவீக்கம் 5.02 விழுக்காடாக இறங்கிற்று.

2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட விலைக் குறியீட்டெண்ணில் உணவு, பானங்களின் பங்கு மட்டும் 45.86 விழுக்காடு. மேலை நாடுகளில் இப்பங்கு மிகக் குறைவு. அங்கு வகுத்த விதியை இங்கு அவ்வாறே பொருத்த இயலாமைக்கு இது முதற்காரணம்.

எனினும், 'இது தற்காலிக விலையேற்றம்' என்னும் சொல்லும் ஆபத்தானது. 2020 மே மாதம் முதல், பெருந்தொற்றின் பொருட்டு ரெப்போ வீதம் 4 விழுக்காட்டில் நிறுத்தப்பட்டிருந்தது. 2022 ஏப்ரலில் பணவீக்கம் 7.79 விழுக்காட்டை எட்டியது. அப்போதும் வட்டி 4 ஆகவே இருந்தமையால், உண்மை வட்டி சுழிக்குக் கீழே ஏறத்தாழ 3.8 விழுக்காடு ஆயிற்று. 2022 மே 4-ஆம் நாள், வழக்கமான கூட்டத்திற்குக் காத்திராமல் குழு கூடி வட்டியை 4.40 ஆக உயர்த்திற்று. 2023 பிப்ரவரிக்குள் அது 6.50 ஆயிற்று. ஆயினும் 2022-இன் முதல் மூன்று காலாண்டுகளிலும் எல்லை தாண்டப்பட்டிருந்ததால், அவ்வாண்டு நவம்பரில் ரிசர்வ் வங்கி, இம்முறை தொடங்கிய பின் முதன்முறையாக, அரசுக்கு விளக்கம் எழுத நேர்ந்தது.

2023-இல் பொறுத்தது சரியாயிற்று. 2022-இல் பொறுத்தது காலத்தாழ்ச்சி எனப் பலரால் குறைகூறப்பட்டது. இரண்டையும் முன்கூட்டிப் பிரித்தறிவது எளிதன்று. வட்டி மாற்றத்தின் பயன் விலைகளில் தெரியப் பல மாதங்கள் ஆகும். அருவியின் கீழே நின்று நீரை அளப்பவர், மேலே மலையில் பெய்யும் மழையையும் அறிந்திருக்க வேண்டும். அதனாலேயே இக்குழு இன்றைய பணவீக்கத்தோடு, வரவிருக்கும் பணவீக்கத்தின் கணிப்பையும் நோக்கி முடிவெடுக்கிறது.

விதி சேரும் இடமும் சேரா இடமும்

வட்டி விதியின் விளைவு அனைவர்க்கும் ஒன்றன்று. 2019 அக்டோபர் முதல், மாறும் வட்டியிலான வீட்டுக் கடன்களும் சிறு தொழிற் கடன்களும் ரெப்போ போன்ற வெளி அளவுகோலுடன் இணைக்கப்பட்டன. 20 லட்சம் ரூபாயை 20 ஆண்டுகளுக்கு 7 விழுக்காட்டில் பெற்றவரின் மாதத் தவணை ஏறத்தாழ 15,500 ரூபாய். அவ்வட்டி இரண்டரை விழுக்காடு ஏறி 9.5 ஆனால், தவணை 18,640 ரூபாய். திங்கள்தோறும் மூவாயிரத்துக்கு மேல் கூடுதல் சுமை.

மறுபுறம், ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் ஒரு லட்சம் ரூபாயை 5 விழுக்காட்டில் வைப்பில் இட்டுள்ளார் எனக் கொள்வோம். ஆண்டு முடிவில் கையில் 1,05,000 ரூபாய். விலைகள் 7 விழுக்காடு ஏறியிருந்தால், அத்தொகை ஓராண்டுக்கு முன் 98,100 ரூபாய்க்குக் கிடைத்த பொருளையே வாங்கும். தொகை வளர்ந்தது, பொருள் தேய்ந்தது. எனவே, வட்டியைத் தாழ்வாக வைப்பதே மக்களுக்கு நன்மை என்னும் பொதுக் கருத்து அரை உண்மையே ஆகும்.

கடையம், ஆலங்குளம் பகுதிகளில் பீடி சுற்றும் பெண்களுக்கு வங்கி வீட்டுக் கடனும் இல்லை. வைப்புத் தொகையும் இல்லை. அவர்கள் அவசரத்துக்கு வாங்குவது 'மூன்று வட்டி'க் கடன். நூற்றுக்கு மாதம் மூன்று என்றால் ஆண்டுக்கு 36 விழுக்காடு. ரெப்போ வீதம் கால் விழுக்காடு குறைந்ததால் எந்தக் கந்துவட்டிக்காரரும் தம் வட்டியைக் குறைப்பதில்லை. அங்கு வேண்டப்படுவது தமிழ்நாடு 2003-இல் இயற்றிய கந்துவட்டித் தடைச் சட்டமும், எளிதில் கிட்டும் கூட்டுறவுக் கடனுமே. ஆயினும் அப்பெண்களும் விதிக்குப் புறம்பானவர் அல்லர். ஈட்டும் கூலியில் பெரும்பகுதி உணவுக்கே செல்வதால், விலையேற்றத்தின் முதல் அடி அவர்கள் மீதே விழுகிறது.

வட்டியை விலக்கியோரும் விதியும்

சமய நெறியால் வட்டியை விலக்கி வாழ்வோர்க்கு இவ்விதியால் ஆவது என்ன என்னும் வினா நம் வாசகர் சிலர்க்கு எழலாம். வட்டி வாங்காதவரும் கொடுக்காதவரும் சந்தையில் அரிசி வாங்குகின்றனர். நாட்டின் விலைநிலையும் வேலைவாய்ப்பும் வட்டியால் மாறும்போது அவர்தம் வாழ்வும் மாறுகிறது.

உலக நாடுகள் இதற்குப் பல வழிகளைக் கண்டுள்ளன. மலேசியாவில் 1983 முதல் வட்டியில்லா வங்கியும், 1994 முதல் வட்டியில்லா வங்கிகளுக்கு இடையிலான பணச் சந்தையும் இயங்குகின்றன. மத்திய வங்கியின் வட்டிக் கொள்கையும் உடன் நிற்கிறது. கடையநல்லூர், தென்காசி மக்கள் பல தலைமுறைகளாகச் சென்று வாழ்ந்த சிங்கப்பூரோ, 1981 முதல் வட்டி வீதத்தைக் கொள்கைக் கருவியாகக் கொள்ளாமல், நாணய மாற்று மதிப்பையே கருவியாகக் கொண்டுள்ளது. நுகரும் பொருளில் பெரும்பகுதியை இறக்குமதி செய்யும் சிறு நாட்டில், வட்டியை விட நாணய மதிப்பே விலையை விரைந்து ஆளும் என்பது அதற்குக் காரணம். இந்தியாவில், ரகுராம் ராஜன் தலைமையில் திட்டக் குழு அமைத்த குழு 2008-இல் வட்டியில்லா வங்கி முறையைப் பரிந்துரைத்தது. ஆனால் ரிசர்வ் வங்கி அதனை மேற்கொண்டு செல்வதில்லை என 2017-இல் முடிவு செய்தது. கருவி எதுவாயினும், அதனைக் கையாள்பவர் ஒரு நெறிக்குக் கட்டுப்பட்டிருக்க வேண்டும் என்பது எங்கும் பொதுவாகவே நிற்கிறது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் சில உண்மைகள் புலனாகின்றன. பணத்தை ஆளும் அதிகாரம் மிகப் பெரிது. அதனை விதியின்றி விடுதல் தகாது. விதியும் இயந்திரமாக இயங்கின் தக்காளி விலைக்காகத் தறியை நிறுத்திவிடும். இலக்கைச் சட்டத்தில் எழுதி, வழியை அறிவுடையோர் குழுவிடம் விட்டு, தவறினால் விளக்கம் கேட்கும் முறையே இவ்விரண்டிற்கும் இடைப்பட்டதாக இன்று இந்தியா கைக்கொண்டுள்ளது. அதன் வெற்றி, கேட்பதற்கு மக்கள் இருப்பதைப் பொறுத்தது.

நாணயக் கொள்கைக் குழுவின் ஒவ்வொரு கூட்டத்திற்கும் பின் பதினான்காம் நாள் அதன் நடவடிக்கைக் குறிப்பு வெளியாகிறது. அறுவரில் யார் எவ்வாறு வாக்களித்தார், ஏன் வாக்களித்தார் என்பது அதில் உள்ளது. பொருளியல் மாணவர் அதனைப் படித்தல் வேண்டும். தமிழ் மாணவர் அதனைத் தமிழில் எடுத்துரைத்தல் வேண்டும். வட்டிக் கணக்கைக் கல்லில் வெட்டி, ஊரார் அனைவரும் காணக் கோயிற் சுவரில் வைத்த மொழி இது. இன்றைய வட்டிக் கணக்கையும் நம் ஊரார் தம் மொழியிலேயே படித்தறியச் செய்தல் தமிழ்த் துறைக்கு உரிய பணிகளுள் ஒன்றாகும்.